வெயிலை ஒத்துக்கொள்ளாத மார்க்கபந்து அண்ணன்

மார்க்கபந்து அண்ணன் போய்விட்டார். நேற்று விடியற்காலையில், ஆஸ்பத்திரியில்.

காஞ்சிபுரத்தில் ரயில்வே ரோடு பக்கம் ஃபேனுக்கு, மோட்டாருக்கு காயில் கட்டக் கொடுத்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். என் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்துக் கடை. இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான்.

எங்களுக்குள் பேச்சு என்று இருந்தது ஒன்றே ஒன்று... வெயில். வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகிறது, கிளைமேட்டே மாறிவிட்டது என்பேன் நான்.

"சித்திரைனா சுடத்தான் செய்யும். நீ என்னமோ புதுசா கண்டுபுடிச்சா மாதிரி பேசிக்கினு இருக்கிறியேமா" என்பார் அவர். பல வருஷமாக இதே கச்சேரி.

இத்தனைக்கும் அவருக்குச் சோறு போட்டதே வெயில்தான். மே மாதம் வந்தால் எரிந்துபோன ஃபேன்கள் அவர் கடை வாசலில் குவிந்து கிடக்கும்.

அதைக் காட்டிக் கேட்டால், கம்பி மட்டம் என்பார். இப்போதெல்லாம் காப்பர் எவன் போடுகிறான், எல்லாம் அலுமினியம், அதனால் எரிகிறது... அதற்கு வெயிலைக் குறை சொல்வானேன்.

தறிப் பக்கம் காற்று பட்டால் இழை காய்ந்து அறுந்துபோகும் என்று ஃபேனே மாட்டாமல் இருந்த பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரர்கள்கூட இப்போது ஃபேனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று ஒருநாள் மடக்கினேன். உடம்பு சொகுசு கேட்கிறது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

போனில் நாற்பத்தொன்று, ஆனால் உடம்புக்கு நாற்பத்தாறு மாதிரி இருக்கும் என்று போட்டிருப்பதைக் காட்டினால்... மாதிரி என்றால் என்ன, இருக்கிறதா இல்லையா என்பார்.

ஒரு கோடையில் எனக்குப் பொறுக்கவில்லை. ஆன்லைனில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி நடுச்சுவரில் மாட்டினேன்.

என் ஜெராக்ஸ் மெஷின் சூடு அதில் ஏறுகிறது, செல்லாது என்றார். அவர் பக்கம் மாட்டினால், தகர ஷீட்டுக்குக் கீழே மாட்டினால் அப்படித்தான் காட்டும் என்றார்.

எதிரே இருந்த பூவரச மரத்தில் கட்டினேன். ரோட்டுத் தார் சூடாம்.

கடைசியில் அவரே ஒரு நல்ல இடம் கண்டுபிடித்தார். அவருடைய தண்ணீர்ப் பானைக்குப் பின்னால். அங்கே மட்டும் எந்நேரமும் ஊட்டி.

நானும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு மழை சீசனில், நாளைக்குக் கொட்டப்போகிறது, கடை திறக்காதீர்கள் என்று அவரிடம் மன்றாடினேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு. ஆனால் சுள்ளென்று வெயில். அண்ணன் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு என் கடை வாசலில் வந்து நின்றார்.

கஸ்டமர்கள் எல்லாம் சிரித்தார்கள், எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

எதற்கு இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன்...

எனக்கு வீட்டில் யாரும் இல்லை என்பது இங்கே படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் பேசுவது, ஆதார் ரெண்டு காப்பி, முன்னும் பின்னும் எடுங்க... அவ்வளவுதான்.

தினமும் நின்று நிதானமாக என்னோடு ஒருவர் பேசினார் என்றால் அது அண்ணன்தான். அதுவும் நான் சொன்னதை இல்லை என்று சொல்வதற்காக. எனக்கு அது போதுமாக இருந்தது.

போன வாரம் ஒரு மத்தியானம் அவர் கடையில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். முகம் சிவந்திருந்தது, அந்த வெயிலில் உடம்பில் ஒரு பொட்டு வேர்வை இல்லை.

வெயில்தான் அண்ணா, என் கடையில் ஏசி ஓடுகிறது, உள்ளே வாங்க என்றேன்.

"வெயிலும் இல்ல, ஒண்ணும் இல்லமா. காலைல துன்னது சேரல."

நாக்கு குழறுகிறது. அப்போதும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆட்டோவில் ஏற்றும்போது தலையில் துண்டைப் போடப் போனேன், வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

நேற்று கூரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் வெயிலைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்த மாதிரி வெயிலைப் பார்த்ததே இல்லை, முன்னே எல்லாம் இப்படியா, இன்னும் ஏறும் பாருங்கள்... நான் இத்தனை வருஷமாக அவரிடம் சொன்னது அத்தனையும். ஒருத்தர்கூட மறுத்துப் பேசவில்லை.

மறுக்க வேண்டிய ஆள் ஃப்ரீசர் பெட்டிக்குள் இருந்தார்.

அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. அதுவரை வரவில்லை.

அவருடைய தம்பி என்னிடம் வந்தார். "நீங்கதான பக்கத்துக் கட? அன்னிக்கு கூட இருந்தீங்களாமே. வெயில்தானமா?"

பந்தலில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்வதற்கு என்ன... டாக்டரும் அதைத்தான் சொன்னார். நானும் வாழ்நாள் முழுக்க அதைத்தானே சொன்னேன்.

"இல்லீங்க. காலைல சாப்ட்டது சேரலன்னு சொன்னாரு" என்றேன்.

தம்பி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். அவர் பக்கம் பேச அங்கே வேறு யாரும் இல்லை.

இன்று கடை திறந்திருக்கிறேன். வெளியே கொளுத்துகிறது. காலையிலிருந்து அதை யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானம் அண்ணனை எடுக்கிறார்களாம்.

வெயில் தாழக் கிளம்புங்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள்...

போய் வாருங்கள் அண்ணா.