ஆறு மணிக்கு அணையும் கம்ப்யூட்டர்

போன சனிக்கிழமை மாலை ஐந்தே முக்கால். என் மனைவி செல்வி கம்ப்யூட்டர் முன்னால். பக்கத்து நாற்காலியில் நான்.

செல்வி உத்திரமேரூர் பக்கத்தில் அரசுப் பள்ளி பிசிக்ஸ் டீச்சர். மாலையில் கேமர். சிரிக்காதீர்கள்... நாலு பேர் கொண்ட ஆன்லைன் அணிக்கு அவள்தான் கேப்டன். அவள் டீச்சர் என்பதே மற்ற மூன்று பேருக்கும் தெரியாது.

இரண்டு வாரமாக ஆட்டத்தின் நடுவில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்து, தானாக மறுபடி ஆன் ஆகிறது. இரண்டு மேட்ச் போயிற்று. ஞாயிறு மாலை அரையிறுதி. மூன்றாவது மேட்சிலும் நின்றால் அவள் இடத்துக்கு வேறு ஆள் — அணியின் விதி அப்படி. அந்த விதியை எழுதியதே அவள்தான்!

காஞ்சிபுரத்துக் கடைக்காரர் போனிலேயே வைத்தியம் சொல்லிவிட்டார். புராசஸர் பழசு, தாங்காது. புது புராசஸர் இந்த மதர்போர்டில் உட்காராது, ஆகவே போர்டையும் மாற்ற வேண்டும். பழசை அவரே எடுத்துக்கொள்வாராம். பல்லைப் பிடுங்கப் போன இடத்தில் தாடையையும் கழற்றச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

செல்விக்கு மனசே வரவில்லை. ஒவ்வொரு பாகமாக அவளே வாங்கி, அவளே பூட்டிய பெட்டி அது. மாற்றலாம் என்பாள், சாப்பிட்டு முடிப்பதற்குள் வேண்டாம் என்பாள். கடைசியில், சனிக்கிழமை பயிற்சி ஆட்டத்திலும் நின்றால் மறுநாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு காஞ்சிபுரம் போவது என்று முடிவானது.

இடையில் என் மீதும் ஒரு பழி.

"நீங்க பக்கத்துல வந்து குந்துனதுல இருந்துதான் இப்படி ஆவுது," என்றாள் ஒரு நாள்.

பிசிக்ஸ் டீச்சர் பேசுகிற பேச்சா இது? இரண்டு வேளை நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சனிக்கிழமைக்கு வருவோம். மணி ஆறு. ட்யூப் லைட் ஒரு கணம் மங்கியது. ஃபேன் முனகியது. ஸ்கிரீன் கறுப்பு.

செல்வி ஹெட்செட்டைக் கழற்றி வைத்தாள். அழுதுவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அந்த அமைதியில்தான் கேட்டது... வீட்டுக்குப் பின்னால், எங்கள் கழனியில் மோட்டார் ஓடும் சத்தம்.

திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தேன்.

பம்ப்செட்டுக்கான த்ரீ பேஸ் கரெண்ட் எங்களுக்கு மாலை ஆறு மணிக்குத்தான் வரும். முன்பெல்லாம் கழனிக்குப் போய், நாலு பேரோடு பேசிவிட்டு, ஏழு மணி வாக்கில் மோட்டார் போடுவேன். அதற்குள் இங்கே ஆட்டம் முடிந்திருக்கும். அவள் ஆடுவதைப் பக்கத்திலிருந்து பார்க்க ஆசைப்பட்டு, இரண்டு வாரத்துக்கு முன்புதான் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டினேன். கரெண்ட் வந்த நொடியே மோட்டார் தானாக ஓடும். வீடும் மோட்டாரும் ஒரே லைன்; மோட்டார் கிளம்பும் நொடியில் வீட்டில் வோல்டேஜ் விழும்.

சொல்வதா, வேண்டாமா? வாயை மூடிக்கொண்டிருந்தால், காலையில் பெட்டியைப் பிரித்துக் கொடுத்துவிடுவாள். புது போர்டும் ஆறு மணிக்கு நிற்கும்.

சொல்லிவிட்டேன்.

"ரெண்டு வாரமா இந்தப் பொட்டியத் திட்டிக்கினு கீறேன். யு.பி.எஸ். பேட்டரி செத்துப்போயி ஒரு வருசம் ஆவுது. வோல்டேஜ் பாடம் நடத்துறவ நானு... எனக்கே தோணலியே," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அதுதான் சுட்டது.

ஞாயிறு. பெட்டி காஞ்சிபுரம் போகவில்லை. ஐந்தரைக்கு அரையிறுதி தொடங்கியபோது, ஆட்டோ ஸ்டார்ட்டரை அணைத்துவிட்டு நான் மோட்டார் கொட்டகையில் நின்றேன். ஆறு மணிக்குச் சுற்றிலும் மோட்டார்கள் ஓட ஆரம்பித்தன. எங்களுடையது மட்டும் ஓடவில்லை.

"இன்னா சார், மோட்டாரு பூட்ச்சா?" என்றார் பக்கத்துக் கழனிக்காரர்.

அரையிறுதி என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் உறைத்தது. காரணம் மோட்டார் இல்லையென்றால்? நிஜமாகவே புராசஸர் என்றால்? கடைக்குப் போகாமல் அவளைத் தடுத்தவன் நான். போனை எடுத்து மணி பார்த்தபடி நின்றேன்.

ஆறு ஐம்பதுக்கு அழைத்தாள்.

"தோத்துட்டோம்."

"நின்னுடுச்சா?"

"இல்ல. கடைசி வரிக்கும் ஓடுச்சி. அவங்க நல்லா ஆடுனாங்க, அவ்ளோதான். நீங்க மோட்டாரப் போடுங்க."

தோற்றவளின் குரலில் சிரிப்பு இருந்தது. கேப்டன் கேப்டனாகவே இருக்கிறாள்.

யு.பி.எஸ்.ஸுக்குப் புது பேட்டரி போட்டாயிற்று. புராசஸர் பழசேதான். திங்கட்கிழமை கடைக்காரர் போன் பண்ணி, அப்படியென்றால் பழுது எங்கே இருந்தது என்று கேட்டார்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது என்றேன்.