கைரியாவின் முருகைக்கல்

வெலிகமைக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த பெண்ணை மலைநாட்டுக்குக் கட்டிக்கொடுக்க அவளுடைய வாப்பாவுக்கு எப்படித்தான் மனம் வந்ததோ! கேட்டால் ஒரு நியாயம் வைத்திருந்தார் மனிதர். நாமும் சுண்ணாம்புச் சூளைக்காரர், அலவத்துகொட மாப்பிள்ளை மஹ்ரூபும் சுண்ணாம்புச் சூளைக்காரர், பிள்ளைக்குப் புகையும் வெக்கையும் புதிதாக இராது என்றார். புகை புதிதில்லைதான். கடல் இல்லாத ஊர் கைரியாவுக்குப் புதிது.

ஊரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் காலத்து அலவத்துகொட என்ன சாமானிய ஊரா? வேலியெல்லாம் மிளகுக்கொடி, முற்றமெல்லாம் பலா, விடியற்காலைக் குளிரில் கண்டிக்குப் போகும் மாட்டு வண்டிகளின் மணிச்சத்தம். அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளை வந்தவள் என்று ஒரு நாளும் ஒதுக்கியதில்லை. என்றாலும் மூங்கில் புதரில் காற்று அடித்தால் போதும், அலைச் சத்தமென்று திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பாள். பிறகு தன்னைத் தானே ஏசிக்கொண்டு அடுப்படிக்குப் போவாள்.

"மச்சான், ஒருக்கா ஊருக்குப் போய் கடலப் பாத்துட்டு வருவமா?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

"சூளைய உட்டுட்டு எப்பிடிப் போற?" என்பார் மஹ்ரூப்.

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்தப் பாழாய்ப்போன சூளைக்கு எப்போதும் ஏதாவது ஒன்று இருந்தது. நெருப்பு எரிந்தால் காவல் இருக்க வேண்டும். அணைந்தால் கல் அடுக்க வேண்டும். அடுக்கினால் மழைக்கு முன்னே மூட்ட வேண்டும். வாப்பா மௌத்தானபோது அடக்கத்துக்கு ஓடிப்போய் வந்ததுதான் கடைசி. அன்றைக்கு அழுத கண்ணோடு கடலை எங்கே பார்த்தாள்?

முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பள்ளி விடுமுறைக் காலம். மேபல் டீச்சர் குடையும் சாக்குப் பையுமாகச் சூளையடிக்கு வந்து சேர்ந்தார். தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிளாக்கரின் மகள், கண்டியில் பெண்கள் பள்ளியொன்றில் படிப்பித்தவர். பூமிக்கு என்ன வயது, உயிர் முதலில் எங்கே தோன்றியது என்று புத்தகம் புத்தகமாகப் படித்துவிட்டு, விடுமுறை வந்தால் பஸ் ஏறி ஊரூராய்க் கல் பொறுக்குவார். கல்லு டீச்சர் என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்தார்கள். டீச்சர் அதைக் காதில் போட்டுக்கொண்டால்தானே!

கைரியா பிளேன் டீ கொண்டுவந்தபோது டீச்சர் கையில் உடைத்த கல் ஒன்று இருந்தது. வெள்ளைக் கல்லில் பச்சை வரிகள் நெளிநெளியாக, அடுக்கடுக்காக ஓடின. அத்தனை வருடம் அதே கல்லைச் சுட்ட சூளையடியில் இருந்தும், உடைந்த முகத்தை அவள் அப்படிக் கிட்டத்தில் பார்த்ததில்லை. பார்த்ததும் மேல் சிலிர்த்துவிட்டது.

"அல்லாவே! இது முருகைக்கல்லு டீச்சர்! எங்கட ஊர்ல வள்ளத்துல போய் இதத்தான் எடுத்துட்டு வந்து சுடுற. கடலுக்குள்ள உசிரோட ஈந்த சாமான். சுண்ணாம்பு வேற எதுலருந்து வரும்?"

வெலிகமையில் பிறந்த யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அங்கே சுண்ணாம்பு என்றால் முருகைக்கல் என்கிற பவளப்பாறை, முருகைக்கல் என்றால் கடல் உயிர். டீச்சர் அப்படியே கல் குவியலில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, நீங்க சொல்றது மட்டும் சரியா இருந்தா, இது உலகத்துலயே ரொம்பப் பழைய உயிரு. இந்த மலைக் கல்லு அவ்வளவு பழசு, இதுல உயிரோட அடையாளத்த யாருமே கண்டதில்ல, தெரியுமா?"

கொழும்பிலிருந்து கல் ஆராயும் உத்தியோகத்தர் வரும்வரை சூளைக்குக் கல் உடைக்கும் பாறையில் கை வைக்க வேண்டாமென்று டீச்சர் கெஞ்சினார். மஹ்ரூப் மாட்டேன் என்பார் என்றுதான் கைரியா நினைத்தாள். அவரோ சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, "நம்மட கல்லப் பாக்கக் கொழும்புலருந்து வாறாங்களா?" என்று ஒரே பூரிப்பு. சூளை நின்றது. பெருநாளைக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கேட்டு வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு திரும்பினார்கள். அவர் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து உலகத்துப் பண்டிதரெல்லாம் வரப்போவதாக அளந்துகொண்டிருந்தார்.

அந்த ஒரு மாதம் கைரியாவின் வாழ்க்கையில் பொன்னான மாதம். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பாறையடிக்குப் போய்க் கையை வைத்துக்கொண்டு நிற்பாள். தன்னால் போக முடியாத கடல் தனக்கு முன்னமே இங்கே வந்து குடியிருக்கிறது என்று நினைக்க நினைக்க நெஞ்சு நிறைந்துபோகும். வருகிறவர் இது முருகைக்கல் இல்லையென்று சொல்லிவிடுவாரோ என்ற பயமும் கூடவே இருந்தது.

உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்துக்காரர், வயது குறைந்தவர், மரியாதையான ஆள். பூதக்கண்ணாடியால் பாறையை வெகுநேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு கைரியாவைப் பார்த்தே சொன்னார்:

"அம்மா, இது முருகைக்கல் இல்லை. பூமிக்கு அடியில கிடந்து வெந்து நெரிஞ்சதால வந்த வரி. பச்சையாத் தெரியிறது ஒரு தாது. வேற தேசத்தில பெரிய பெரிய பண்டிதர்மாரும் இப்பிடித்தான் ஏமாந்தவை."

மேபல் டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. கைரியா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டாள்:

"அப்ப இங்க கடலே ஈக்கல்லையா, தொர?"

"கடல் இருந்திருக்கும் எண்டுதான் நாங்கள் நினைக்கிறம். நூறு கோடி வருஷத்துக்கும் முந்தி. அதின்ர அடியில படிஞ்ச சேறுதான் இந்தக் கல். ஆனா மீன், சிப்பி, முருகை ஒண்டும் அந்தக் காலத்தில பிறக்கேல்லை."

"மீனில்லாத கடலா?"

"ஓம், அம்மா."

கைரியா பாறையைப் பார்த்தாள். "பாவம், அவ்வளவு தண்ணிய வெச்சிக்கிட்டு ஒரு நாதியுமில்லாம ஈந்திருக்கே" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் அழுவதற்கு அவள் வெட்கப்படவும் இல்லை.

மஹ்ரூபுக்கு அந்தச் சங்கடத்திலிருந்து எப்படியாவது தப்ப வேண்டியிருந்தது. "அப்ப செரி, நாளைக்கே மூட்டுவம்" என்றார்.

கைரியா திரும்பினாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் குரல் உயர்ந்ததில்லை. அன்றைக்கும் உயரவில்லை.

"உசிரில்லாத கல்லுக்கு ஒரு மாசம் சூளைய நிப்பாட்டினீங்க, மச்சான். எனக்கு ஒரு கெழம நிப்பாட்ட ஏலாதா?"

மஹ்ரூப் டீச்சரைப் பார்த்தார், உத்தியோகத்தரைப் பார்த்தார். யாரும் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

மறுநாள் சூளை மூட்டவில்லை. கண்டி ஸ்டேஷனில் காலை ரயில் புறப்பட்டபோது கைரியா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மஹ்ரூப், மாமியார் வீட்டுக்கு வாங்கிய பலகாரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வெலிகமைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.