உட்கார்ந்துவிட்ட எம்.எல்.ஏ.

எங்கள் தொகுதிக்கு முன்பு ஒரு எம்.எல்.ஏ. இருந்தார். அவரைப் பற்றி எங்கள் தெருவில் இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள், "யாரு, அந்த உக்காந்தவரா?" என்பார்கள். ஐந்து வருடம் அவர் ஓடியாடிச் செய்ததெல்லாம் மறந்துபோய், ஒரே ஒரு நாள் சட்டசபையில் உட்கார்ந்தது மட்டும் அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர் வந்ததில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. கொஞ்சம் என்ன, முழுப் பங்கும் என்னுடையதுதான். அப்போது நான் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

ஆம்பூருக்கு வெளியே டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் மாறி மாறி நிற்கும் சாலையை ஒட்டி எங்கள் தெரு. அம்மா ஷூ கம்பெனியில் தையல். அப்பா டேனரியில், தோல் ஊறும் தொட்டிகளின் பக்கம் வேலை. தெருவுக்குப் பொதுவாக ஓர் அடிபம்பு உண்டு. நான் ஆறாவது படிக்கும்போது அதில் வந்த தண்ணீருக்கும் எட்டாவது படிக்கும்போது வந்த தண்ணீருக்கும் உறவே கிடையாது. சோப்பு நுரைக்காது. பருப்பு வேகாது. சோறு வடித்தால் மஞ்சள் தட்டும். எதிர்வீட்டு அத்தை ஒரு சொம்பு தண்ணீரை ஏந்திப் பார்த்துவிட்டு, "வெந்நீர் வெக்கிற செலவு மிச்சம்டி, டீத்தூளு போட்டே அனுப்புறானுங்க" என்பார். அத்தை எதையும் அப்படித்தான் சொல்வார். சிரித்து முடித்த பிறகுதான் சொம்புக்குள் எட்டிப் பார்ப்போம்.

கடைசியில் தெருப் பெண்கள் கூடி எம்.எல்.ஏ.வுக்கு மனு எழுதுவதென்று முடிவானது. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஆளாளுக்கு ஒரு வரி சொன்னார்கள். அத்தை சொன்ன வரிகளை அப்படியே எழுதினால் போலீஸ் வரும் என்று அம்மா தடுத்துவிட்டார். முப்பது பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்த பிறகு, கவரில் போட்டு ஒட்டும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

அங்கேதான் நான் கெடுத்தேன்.

மனு என்றால் ஆதாரம் வேண்டும், ஆதாரம் இல்லாவிட்டால் குப்பைக்குப் போகும் என்று பள்ளியில் தமிழ் ஐயா சொல்லியிருந்தார். தேர்வில் அதற்குத் தனியாக இரண்டு மதிப்பெண் உண்டு. என்னிடம் ஆதாரம் இருந்தது. சில நாட்களுக்கு முன்பு அப்பா குளித்துக்கொண்டே அம்மாவிடம் பேசியதை நான் கேட்டிருந்தேன். "மழ வந்தா போதும், கழிவுத் தண்ணி வால்வ தொறன்றான் மேஸ்திரி. மழத் தண்ணியோட சேந்து போய்டும், யாருக்கும் தெரியாதாம். நாந்தான் தொறக்கறன். அந்தத் தண்ணியதான் நம்ம பாப்பா குடிக்குது."

கையெழுத்துகளுக்குக் கீழே இருந்த இடத்தில் பொடி எழுத்தில் நாலு வரி சேர்த்தேன். மழை பெய்யும்போது டேனரியில் வால்வைத் திறக்கிறார்கள், திறப்பவர் என் அப்பாதான், ஆனால் அவருக்கு அதில் இஷ்டம் இல்லை, தாங்கள் ஆவன செய்ய வேண்டும். அதன் கீழே அப்பாவின் பெயரையும் என் பெயரையும் எழுதினேன். என் மனதில் இரண்டு மதிப்பெண் முழுதாக விழுந்தது. கவரை ஒட்டிவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து எம்.எல்.ஏ.வின் உதவியாளர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மனுவை எம்.எல்.ஏ. கேள்வியாகவே கொடுத்துவிட்டாராம், சபையில் எடுத்துக்கொண்டார்களாம், அமைச்சர் எழுந்து பதில் சொல்லியே ஆக வேண்டுமாம். "தெருவுலருந்து ஒரு ஆறு பேரு வாங்க, பாஸ் போட்டுருக்காரு. மேல ஒக்காந்து பாக்கலாம். கடுதாசி எழுதின பொண்ணையும் கூட்டினு வரச் சொன்னாரு."

தெருவே கொண்டாடியது. அப்பா மட்டும் வாசலில் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "நல்லா கேக்கட்டும். எவனாவது கேக்கணும் இல்ல? எம் பேரு வராத வரிக்கும் சரி."

நான் வீட்டுக்குள் ஓடிப் பாயில் படுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு வாரம் முழுக்க எனக்கு அதே நினைப்புதான். என்னை எதற்காக வரச் சொன்னார்? சட்டசபையில் என்னை எழுப்பி நிறுத்தி, "இந்தப் பெண்தான் சாட்சி" என்று காட்டுவாரோ? அமைச்சர் என்னைக் கேள்வி கேட்பாரோ? அப்பாவின் பெயரை மைக்கில் படிப்பார்கள், மறுநாள் பேப்பரில் வரும், மேஸ்திரி பேப்பர் படிப்பார். அதற்கு மேல் யோசிக்க மாட்டேன். யோசனை அங்கேயே ஒரு சுவர் போல நிற்கும். அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அடுப்படி வரை போனேன். முதல் முறை அம்மா, "இன்னாடி, மூஞ்சி பேயறஞ்சா மாதிரி இருக்குது?" என்றார். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன். இரண்டாம் முறை அம்மா சட்டசபைக்குப் போக வைத்திருந்த புடவையை விரித்துப் பார்த்துச் சந்தோஷமாக இருந்தார். அதைக் கெடுக்க மனம் வரவில்லை. காய்ச்சல் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்தத் தண்ணீரைக் குடித்து மற்றவர்களுக்கெல்லாம் வந்தது, எனக்கு மட்டும் வரவில்லை.

விடியற்காலை ரயிலில் என்னையும் சேர்த்து ஆறு பேர் சென்னைக்குப் போனோம். சட்டசபை கோட்டைக்குள் இருக்கிறது என்றார்கள். கோட்டை என்றால் எனக்கு வேலூர்க் கோட்டைதான். அகழி இருக்கும், உள்ளே விடமாட்டார்கள், திரும்பி வந்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. இந்தக் கோட்டையில் அகழியும் கண்ணில் படவில்லை, தடையும் இல்லை. பாஸைப் பார்த்துவிட்டு மரியாதையாக உள்ளே விட்டார்கள். பைகளையும் போன்களையும் வாங்கி வைத்துக்கொண்டு, மேலே பார்வையாளர் மாடத்தில் உட்காரவைத்தார்கள். பேசக்கூடாது, எட்டிப் பார்க்கக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, தூங்கக்கூடாது. வெள்ளை உடுப்புக் காவலர் இதைச் சொல்லிவிட்டுப் போனதும் அத்தை என் காதில், "மூச்சு வுடலாமான்னு கேட்டு வாடி" என்றார். பத்து நிமிடத்தில் அத்தை தூங்கிவிட்டார். காவலர் வந்து தோளைத் தட்டினார்.

கீழே எம்.எல்.ஏ. பின்வரிசையில் இருந்தார். மேலிருந்து பார்க்க அவர் தலையில் நடுவே முடி இல்லாதது தெரிந்தது. தெருவுக்கு வரும்போது பெரிய ஆளாகத் தெரிந்தவர், அங்கே அவ்வளவு வெள்ளைச் சட்டைகளுக்கு நடுவே எங்கள் தெரு ஆள் போல இருந்தார். அவர் முன்னால் ஒரு கோப்பு. அதிலிருந்து நீலக் கோடு போட்ட தாள் ஒன்றின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. என் நோட்டுப் புத்தகத்தின் தாள். அவ்வளவு தூரத்திலிருந்தும் எனக்கு அடையாளம் தெரிந்தது.

பேரவைத் தலைவர் கேள்வியின் எண்ணைச் சொன்னார். அமைச்சர் எழுந்து தாளைப் பார்த்துப் படித்தார். அங்கே கேள்வியை அ, ஆ என்று பிரித்துக் கேட்பார்கள், அதே வரிசையில்தான் பதிலும் வரும். அந்தப் பகுதியில் டேனரிக் கழிவு நீர் நிலத்தடி நீரில் கலப்பதாக அரசுக்குப் புகார் வந்துள்ளதா? வரவில்லை. வந்திருந்தால் எடுத்த நடவடிக்கை என்ன? புகார் வராததால் இக்கேள்வி எழவில்லை. அவ்வளவுதான். அம்மா என் பக்கம் திரும்பி, "முடிஞ்சிதா?" என்று உதட்டை மட்டும் அசைத்தார். முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

எம்.எல்.ஏ. துணைக் கேள்விக்கு எழுந்தார். கோப்பிலிருந்து என் தாளை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மூக்கில் ஏற்றிக்கொண்டார். புகார் வரவில்லை என்கிறார் அமைச்சர், இதோ முப்பது தாய்மார்கள் கையெழுத்துப் போட்ட புகார், நானே அனுப்பியும் வைத்தேன் என்று சொல்லிப் படிக்க ஆரம்பித்தார். சோப்பு நுரைக்காததும் பருப்பு வேகாததும் என் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக மைக்கில் கேட்டன. அம்மா என் கையைப் பெருமையோடு பிடித்துக்கொண்டார். என் கை ஜில்லென்று இருந்ததை ஏ.சி. என்று நினைத்திருப்பார். நான் வரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இன்னும் ஆறு வரி. நாலு. கையெழுத்துகள் வந்தாயிற்று.

அங்கே நிறுத்தினார்.

மழை பெய்யும்போது டேனரியில் வால்வைத் திறந்துவிடுகிறார்கள், அரசுக்குத் தெரியுமா என்று தாளைப் பார்க்காமலே கேட்டார்.

அமைச்சர் இம்முறை எந்தத் தாளையும் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டே எழுந்தார். "யார் திறந்தது என்று உறுப்பினர் பெயரைச் சொல்லட்டும். இன்று மாலைக்குள் அந்த ஆளைக் கைது செய்ய இந்த அரசு தயார். பெயர் இருக்கிறதா உங்களிடம்?"

எதிரே மேசைகள் தட்டப்பட்டன. அவ்வளவு பேர் ஒன்றாகத் தட்டும்போது மாடத்தின் தரை அதிர்வது போல எனக்குத் தோன்றியது. எம்.எல்.ஏ. தாளைப் பார்த்தார். கண்ணாடிக்குள்ளிருந்து அந்த நாலு வரியையும் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி மாடத்தைப் பார்த்தார். எங்கள் வரிசையைத்தான் பார்த்தார். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கினேன்.

"பெயர் இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உட்காருங்கள்" என்றார் பேரவைத் தலைவர்.

எம்.எல்.ஏ. தாளை இரண்டாக மடித்தார்.

"உட்கார்கிறேன், தலைவர் அவர்களே."

சபை முழுக்கச் சிரிப்பு. யாரோ ஏதோ சொல்ல, இன்னும் சிரிப்பு. அடுத்த கேள்வியின் எண்ணைச் சொல்லிவிட்டார்கள். அது ஏதோ ஒரு ஊர்ப் பாலத்தைப் பற்றியது. அம்மா என் கையை விட்டுவிட்டார். எனக்கோ, தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. நான் மட்டும்தான் அந்த மாடத்தில் சந்தோஷமாக இருந்தேன்.

வெளியே மரத்தடியில் எம்.எல்.ஏ. எங்களைப் பார்க்க வந்தார். பெண்கள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுக்க உதவியாளரிடம் சொன்னார். மடித்த தாளை என்னிடம் நீட்டினார். "எழுத்து நல்லா இருக்குது கண்ணு" என்றார். பிறகு மெதுவாக, "அப்பா சௌக்கியமா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் இறக்கி வைத்த மூட்டை மறுபடியும் தலையில் ஏறியது. இவருக்குத் தெரியும். தெரியும் என்று எனக்குக் காட்டுகிறார். இன்றைக்குச் சொல்லவில்லை, நாளைக்குச் சொல்வார். தாளை ரயில் கழிவறையில் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டேன். அதற்குப் பிறகு எங்கே அவர் வண்டியைப் பார்த்தாலும் சந்துக்குள் புகுந்துவிடுவேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா நடந்ததைச் சொன்னார். அப்பாவுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "பேப்பரு கையில வெச்சிகினு உக்காந்துட்டானா? இன்னா மனுஷன் அவன்? கம்பெனிக்காரன் நல்லா கவனிச்சிருப்பான்." மறுநாளே இது தெருவின் பேச்சானது. அத்தை இன்னும் ஒரு படி மேலே போய், யாராவது வீட்டுக்கு வந்தால், "எமெல்லே மாதிரி நின்னுகினே இருக்காத, உக்காரு" என்று பாய் விரித்தார். அப்பாதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். அடுத்த மழையிலும் மேஸ்திரி சொன்னார், அப்பா திறந்தார்.

அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு அவர் எங்கள் தெருவுக்குள் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அப்பா வாசலிலேயே மறித்தார்.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. அன்னிக்கு சபையில பேரு கேட்டாங்களே, ஏன் உக்காந்துட்டீங்க?"

தெருவே சுற்றி நின்றது. கதவிடுக்கில் என் மூச்சு எனக்கே கேட்டது. இதோ சொல்லப்போகிறார், ஓட்டுக்காகவாவது சொல்லிவிடுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணாடிய மறந்துட்டன்பா" என்றார் அவர். "பொடி எழுத்து, ஒண்ணும் தெரியல."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா, "கண்ணாடி கூட எடுத்துனு போவாத ஆளுக்கு ஓட்டா?" என்றார். அவரும் கூடவே சிரித்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அந்தத் தேர்தலில் தோற்றார்.

கதவுக்குப் பின்னால் நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். நல்ல வேளை, அவர் கண்ணாடியை மறந்துவிட்டார், அப்பாவின் பெயரைப் படிக்கவே இல்லை, சௌக்கியமா என்று கேட்டதும் சும்மாதான் என்று அன்றைக்கு முழுதாக நம்பினேன். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டதை மேலிருந்து பார்த்தவள் நான்தான். அந்த இரண்டையும் சேர்த்து நினைக்க எனக்கு அப்போது தெரியவில்லை.