உப்பில்லாச் சமையல்காரி

நான் என் புருஷனுடைய சோற்றில் உப்புப் போட்டேன்.

இதில் என்ன குற்றம் என்று கேட்பீர்கள். போடக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு போட்டேன். போடவில்லை என்று அவரிடமே சொல்லிக்கொண்டு போட்டேன். மூன்று வருஷம்! உப்பில்லாமல் ஆக்குகிறவள் என்று ஊரில் பெயரும் வாங்கினேன்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எங்கள் நகரிப் பக்கத்து ஊர்களெல்லாம் ஆந்திராவிலா, மெட்ராஸ் பக்கமா என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அவருக்குக் கால் இரண்டும் வீங்கிப்போயின. சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பழைய தமிழ் டாக்டர் இல்லை. வடக்கே கோதாவரிப் பக்கத்திலிருந்து வந்த புது டாக்டர். "சப்பிடி தினாலம்மா, சப்பிடி" என்று இரண்டு தரம் அழுத்திச் சொன்னார்.

"இன்னாமே சொல்றாரு?" என்றார் இவர்.

தெலுங்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று பீற்றிக்கொண்டவள் நான். தெரியவில்லை என்று சொல்வேனா? "நல்லா சாப்பிடச் சொல்றாரு" என்றேன்.

பத்து நாள் கருவாட்டுக் குழம்பும் மாங்காய் ஊறுகாயுமாகப் போட்டேன். வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. பக்கத்து வீட்டு ரங்கம்மா தெலுங்குக்காரி. நடந்ததைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ அக்கா! சப்பிடின்னா உப்பு போடாத சோறு! நீ சாப்பிடுன்னு நெனைச்சுக்கினியா?"

"எனக்குத் தெரியாதாடி? உன்னச் சோதிச்சுப் பாத்தேன்" என்றேன்.

அவரிடமாவது உள்ளதைச் சொன்னேனா? "சீட்டுல எழுதிக் கீதாம், இனிமே உப்பு கூடாதாம்" என்று முடித்துக்கொண்டேன்.

அப்புறம் முயன்றேன். மனசாரத்தான் முயன்றேன்... நீங்கள் நம்ப வேண்டும். கருவாட்டை நிறுத்தினேன். கேழ்வரகுக் களிக்கு வேர்க்கடலையை வறுத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து துவையல் அரைத்தேன். குழம்புக்கு மிளகும் மல்லியும் சிவக்க வறுத்துப் போட்டேன். வாசனை தெருக்கோடி வரைக்கும் போயிற்று. அவர் இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினார்.

"இன்னாமே, கை மாறிப்பூச்சா ஒனக்கு?"

கை! என் கையைச் சொன்னார்! அதுவரை இந்தக் கையால் ஆக்கினதை ஒருவரும் தள்ளி வைத்ததில்லை.

ஒன்பதாம் நாள் பாதித் தட்டு காலியானது. "பழகிப்பூடும் போலக் கீது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அந்தக் கொழம்பு மாதிரி வராதுமே" என்றார். முன்னே சொன்னது ஏன் என் காதில் விழவில்லை? பின்னே சொன்னது மட்டும் ஏன் குத்தியது? இன்னும் பத்து நாள் பொறுத்திருந்தால்... ஐயோ, பத்தே நாள்!

மறுநாள் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். உப்பும் போட்டேன், ஒரு சிட்டிகை.

தட்டை வழித்துத் தின்றார். "உப்பே இல்லாம எப்பிடிமே இப்பிடி ஆக்கினே?"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சிரித்தேன். கருவாட்டைப் பல தரம் அலசி உப்பெடுத்துவிட்டேன் என்றேன். சிட்டிகை அப்புறம் பிடியாயிற்று.

அவர் களத்துமேட்டில் போய்ப் பெருமை பேசினார். மேலத்தெருப் பெண் ஒருத்தி தேடி வந்தாள். "எங்க மாமியாருக்கும் சப்பிடிதான் அக்கா. ஒரு வாய் துன்ன மாட்டேங்குது. எப்பிடின்னு சொல்லேன்." எலுமிச்சை, மிளகு, வேர்க்கடலை என்று என் பழைய பக்குவத்தைச் சொல்லி அனுப்பினேன். அந்தக் கிழவி அதைத் தின்று, வீக்கம் வடிந்து, காணிப்பாக்கம் போய்ப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வந்தாள்! என் பக்குவத்தில் குறையில்லை. என் வீட்டு அடுப்பில்தான் அது ஏறவில்லை.

மறுபடி சித்தூர் போனபோது டாக்டர் அரைகுறைத் தமிழில் உப்பைப் பற்றிக் கேட்டார். "ஒரு கல்லு கூட இல்லீங்க. இதோ, எம் பொஞ்சாதியைக் கேளுங்க" என்றார் இவர், மார்பை நிமிர்த்திக்கொண்டு. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? அவருக்கு முன்னால், அவர் அப்படிச் சொன்ன பிறகு... எப்படிச் சொல்ல?

எல்லைத் தகராறு தீர்ந்து எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுபோனது. அதைப் பார்க்க அவர் இல்லை.

கருமாதியன்று, எங்கள் வழக்கப்படி உப்பில்லாமல் சோறு ஆக்கி இலையில் வைத்தேன். காக்கை கூரைமேல் உட்கார்ந்து பார்த்ததே தவிர, இறங்கவில்லை. என் நாத்தனார் வாய்விட்டு அழுதாள்.

"எப்பிடி எறங்கும்? மூணு வருசமா உப்பில்லாமத் துன்னு துன்னு நாக்கே செத்துப் பூட்டுது எங்க அண்ணனுக்கு! போ அண்ணி, இப்பவாச்சும் ரெண்டு கல்லு உப்பு போட்டு எட்தா."

எல்லாரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். என்ன செய்தேன் என்கிறீர்களா?

உள்ளே போனேன். உப்புச் சாடிக்குள் கையை விட்டேன். அளவு பார்க்க வேண்டியிருக்கவில்லை... கைக்குத் தெரிந்திருந்தது.