அருகம்புல் நட்ட சென்னிமலை

சென்னிமலைக் கவுண்டர் நிமிர்ந்து நின்று பேசி முடித்ததை அவர் ஊரில் பார்த்தவர்கள் குறைவு. பேச்சு எதுவானாலும் பாதியில் குனிந்துவிடுவார். காலடியில் ஏதோ ஒரு களை கண்ணில் பட்டிருக்கும். எதிரே நிற்பவர் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொல்லி முடிக்க வேண்டியதுதான். துக்கம் கேட்கப் போன வீட்டு வாசலிலும் முதலில் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதன் பிறகே முகத்தைத் தொங்கப்போட்டாராம். நம்பலாம், அப்படிப்பட்ட மனிதர்தான்.

ராசிபுரத்துக்குத் தெற்கே அவருக்குக் கொஞ்சம் காடு இருந்தது. அந்தப் பக்கத்தில் புஞ்சை நிலத்துக்குக் காடு என்றுதான் பேர். சோளமும் கடலையும் போடுவார். மழை மனசு வைத்தால் விளையும். அந்த ஊர்க்காரர்களுக்குப் பகை என்று ஒன்று உண்டென்றால் அது அருகம்புல். கொத்தினால் வரும், வெட்டினால் வரும், வெயிலில் காயப்போட்டால் செத்த மாதிரி கிடந்து, ஒரு தூறலில் எழுந்து உட்காரும். காட்டில் அருகு மண்டவிட்டவனுக்கு ஊரில் மரியாதை கிடையாது. பெண் கொடுப்பதும் அதைப் பார்த்துத்தான். பின்னால் சென்னிமலைக்கு மனைவியான சௌந்திரத்தின் அப்பா மாப்பிள்ளை பார்க்க வந்தபோது வீட்டுக்குள் நுழையவே இல்லை. நேரே காட்டுக்குப் போனார், வரப்பு வரப்பாகக் குனிந்து தேடினார், ஓர் அருகு கூட அகப்படவில்லை என்றதும் அங்கேயே நின்றபடி வெற்றிலை பாக்கு மாற்றச் சொல்லிவிட்டார்.

அப்படி அமைந்த கல்யாணம். நன்றாகவே இருந்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் அடுத்தடுத்து மழை ஏமாற்றி, கிணற்றில் தவளைக்குக்கூடத் தண்ணீர் இல்லாமல் போனபோதுதான் சென்னிமலை பிழைப்புத் தேடிச் சேலத்துக்குக் கிளம்பினார். சௌந்திரம் வழி அனுப்பும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

"என்ன வேலைன்னாலும் பாருங்க. கௌரவம் பார்க்க வேண்டாம். ஆனா கைக்கு வந்த நெலத்துல களை கெடக்குதுன்னு ஒருத்தரும் சொல்லப்படாதுங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். விதி அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று பாருங்கள்.

சேலத்தில் சந்தைக்கு வரும் வண்டிகள் அவிழ்த்துவிடும் பொட்டல் ஒன்று இருந்தது. அதைப் பூங்காவாக்கப் போகிறோம் என்று நகரசபையில் முடிவு செய்திருந்தார்கள். பொறுப்பு ஓவர்சியர் பாலசுந்தரத்துடையது. ஒல்லியான மனிதர், தலையில் எப்போதும் தொப்பி, மனசில் எப்போதும் பெங்களூர். அங்கே ஒரு பூங்காவைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. படம் போட்டுவைத்திருந்தார். நடுவில் வட்டமாகப் புல்வெளி, அதைச் சுற்றிக் கம்பி வேலி, வேலியைச் சுற்றிப் பாதை, பாதையோரம் குரோட்டன் செடிகள். ஜனங்கள் பாதையில் நடந்து, புல்லைப் பார்த்து, மனம் குளிர்ந்து, வீட்டுக்குப் போக வேண்டும். ஊர்க்காரர்களுக்கு இது விளங்கவில்லை. காய்க்காத செடிக்கு எதற்குத் தண்ணீர் என்று கேட்டார்கள். பாலசுந்தரம் அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி இன்னும் கொஞ்சம் ஒல்லியானார்.

தோட்டக்கார வேலைக்கு வந்த சென்னிமலையின் முன்னால், முதல் நாளே ஈரச் சாக்கு ஒன்றை அவிழ்த்துக் கொட்டினார்கள். உள்ளே வேரும் கணுவுமாகப் பச்சைப் புல்.

"இதை வட்டம் முழுக்க நடணும்" என்றார் ஓவர்சியர்.

சென்னிமலை குனிந்து ஒரு கணுவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாமி, இது அருகுங்க."

"தெரியும்யா. அருகுதான்."

"இதைப் புடுங்கறதுக்குன்னே எங்கப்பாரு என்னைப் பெத்து உட்டாருங்க. நடச் சொல்றீங்களே!"

பாலசுந்தரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விளக்கமாகவே சொன்னார். இது மெத்தை மாதிரி படரும், கண்ணுக்கு இதம், புழுதி அடங்கும். திறப்பு விழா நல்லபடியாக முடிந்தால் வேலை நிரந்தரமாகும், மூலையில் கட்டியிருக்கும் ஓட்டு அறையில் குடும்பத்தோடு இருந்துகொள்ளலாம். அந்தக் கடைசி வாக்கியம்தான் சென்னிமலையைக் குனியவைத்தது. சௌந்திரம் இல்லாத சோறு அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

நட்டார். முதல் நாள் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு, யாராவது சொந்தக்காரர் சந்தைக்கு வந்திருப்பாரோ என்று பயந்து பயந்து நட்டார். இரண்டு மாதத்தில் புல் பிடித்துக்கொண்டது. அதற்குள் வரும் மற்ற களையைத் தேடித் தேடி எடுத்தார். கை பழையபடி அருகின் மேலேயே போகும். ஒரு கையை மற்றக் கை தட்டிவிடும். அப்படிப் போராடிப் போராடி, ஒருநாள் காலையில் பனி உட்கார்ந்த அந்த வட்டத்தைப் பார்த்தபோது, பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போல அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பகையாளியை மடியில் போட்டுக் கொஞ்சுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஊருக்குப் போனபோது சௌந்திரம் கேட்டாள், "அங்க என்னங்க வெச்சிருக்கறீங்க?"

"ரோசாச் செடிதான் புள்ளே. பெரிய பெரிய ரோசா" என்றார் சென்னிமலை. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

பூங்காவில் அவர் ஓவர்சியரிடமிருந்தும் ஒன்றை மறைத்தார். ஓட்டு அறையின் பின்னால் ஒரு துண்டு இடம் உண்டு. படத்தில் அது மல்லிகைப் பந்தல். சென்னிமலை அங்கே ஓலைத் தட்டி ஒன்றைக் கட்டி மறைத்துவிட்டு, தினமும் சாயங்காலம் ஒரு குடம் தண்ணீரோடு உள்ளே போய்வருவார். என்னய்யா அங்கே என்று கேட்டால், "எருக்குழிங்க சாமி" என்பார். எருக்குழிக்கு எதற்குத் தண்ணீர் என்று கேட்கும் அளவுக்குப் பாலசுந்தரத்துக்கு விவசாயம் தெரியாது.

திறப்பு விழாவுக்கு மெட்ராஸிலிருந்து ஒரு துரை வருவதாக ஏற்பாடு. அதற்கு இரண்டு நாள் முன்பு, குரோட்டன் தொட்டிகள் எடுத்துவர ஊரின் அந்தக் கோடியில் இருந்த ஒரு பங்களாவுக்கு சென்னிமலையை அனுப்பினார்கள். வெயில் ஏறிய பிறகு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பியவர், வாசலில் ஒரு மாட்டு வண்டி நிற்பதைப் பார்த்தார். சௌந்திரத்தின் அண்ணன் அப்புசாமியின் வண்டி. ராசிபுரத்து நெய் டின்களைச் சேலத்துக்கு ஏற்றி வருகிறவர் அவர். போன வாரம் வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். போய்த் தங்கச்சியிடம் சொன்னது இது: "மாப்பிள்ளை காட்டைப் பார்க்கத் தொரை வரானாமா. ரோசாவும் காணோம், ஒண்ணும் காணோம். கண்டமேனிக்கு அருகு மண்டிக் கெடக்குது. தனியாளு, முடியலையாட்ட இருக்குது பாவம்."

அந்தப் பக்கத்தில் ஒருவர் காட்டில் களை மிஞ்சிப்போனால் உறவுக்காரர்கள் கூப்பிடாமலே வந்து குனிந்துவிடுவார்கள். கூலியும் இல்லை, கேள்வியும் இல்லை. நிலத்துக்காரனுக்கு அவமானம் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

சென்னிமலை வண்டியை விட்டுவிட்டு உள்ளே ஓடினார். சௌந்திரமும், அண்ணன் மனைவி மாரக்காளும், ஊர்ப் பெண்கள் சிலரும் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நின்றார்கள். தினமும் தண்ணீர் குடித்து இளகிய மண். பிடித்த பிடியில் வேரோடு வந்திருக்கிறது. வட்டம் முழுக்கக் கன்னங்கரேல் என்று, ஒரு பச்சை இல்லாமல், விதைப்புக்குத் தயாரான காடாகக் கிடந்தது.

சௌந்திரம் நெற்றி வேர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பாத்தீங்களா? ஒரு கணு இல்லீங்க. தொரை என்ன, தொரையைப் பெத்தவன் வந்து தேடுனாலும் கெடைக்காது. ஒடம்பு முடியலைன்னா ஒரு வார்த்தை சொல்லி உடப்படாதுங்களா?"

சென்னிமலை வெறும் மண்ணைப் பார்த்தார். வேலை போயிற்று, ஓட்டு அறை போயிற்று, இவளோடு ஒரு கூரையில் இருப்பது போயிற்று. அவள் முகத்தைப் பார்த்தார். முதல் நாள் ராத்திரியே வண்டியேறி வந்து, வெறும் வயிற்றோடு குனிந்திருக்கிறாள்.

"நல்லாருக்குது புள்ளே" என்றார். "ரொம்ப நல்லாருக்குது."

ஓவர்சியர் வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். பிறகு, "யார் செஞ்சது?" என்றார்.

"நாந்தானுங்க சாமி" என்றார் சென்னிமலை. "கை பழக்கம். தெரியாம புடுங்கிப்போட்டனுங்க."

"புல்லை நட்டு வளர்த்ததும் நீ, பிடுங்கினதும் நீயா?"

சௌந்திரம் ஒரு நொடி விழித்தாள். நட்டு வளர்த்தது என்ற சொல் அவள் மண்டையில் இறங்க அவ்வளவு நேரம்தான் ஆனது. புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரோசாவுங்களா?" என்றாள் மெதுவாக. பிறகு ஓவர்சியர் பக்கம் திரும்பினாள்.

"சாமி, அவிய பொய் சொல்றாங்க. புடுங்குனது நானு. புடுங்குன கைக்கு நடத் தெரியாதுங்களா? பொழுதுக்குள்ள நட்டுத் தாரேனுங்க. அருகு சாவாதுங்க, எங்களுக்குத் தெரியாததா?"

எல்லோரும் பிடுங்கிய குவியலைத் தேடினார்கள். வாசல் பக்கம் அப்புசாமியின் காளைகள் நின்றபடியே திருப்தியாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. குவியலில் பாதிக்கு மேல் காணோம்.

மிச்சத்தை வைத்து வட்டத்தின் ஓரத்தை மட்டும் நட முடிந்தது. பெண்கள் ராகி நாற்று நடுகிற மாதிரி வரிசை பிடித்து நட்டார்கள். "இது ராகி இல்லையம்மா" என்று முனகினார் பாலசுந்தரம். "வேற மாதிரி நடப் பழகலீங்க சாமி" என்றாள் சௌந்திரம். நடுவில் வெறும் மண்ணாகக் கிடந்த இடத்தை மறைக்க, அப்புசாமி தானாகவே வண்டியைப் பூட்டி, திருமணிமுத்தாற்றிலிருந்து நடைநடையாக மணல் கொண்டுவந்து கொட்டினார். நெய் டின்கள் அன்றைக்கு வெயிலில் காத்திருந்தன.

விழா அன்று துரை பாதையைச் சுற்றி வந்தார். மணல் வட்டத்தைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டார். பாலசுந்தரம் வாய்க்கு வந்தபடி, "ஜனங்கள் உட்கார" என்று சொல்லிவைத்தார். துரை நல்லது என்று சொல்லிவிட்டு மாலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சொல்லிவிட்டபடியால் அன்று சாயங்காலமே வேலியில் வழி திறக்க வேண்டியதாயிற்று. ஜனங்கள் வந்தார்கள். பாதையில் சுற்றி நடக்க ஒருவரும் வரவில்லை, நேரே மணலுக்குப் போனார்கள். சந்தைக்கு வந்தவர்கள் கட்டுச்சோற்றை அவிழ்த்தார்கள். தறியிலிருந்து எழுந்துவந்த நெசவுக்காரர்கள் காலை நீட்டி முதுகை நிமிர்த்தினார்கள். குழந்தைகள் புரண்டன. ஓரத்துப் புல் துளிர்விட்ட பிறகு, மணலில் இடம் கிடைக்காதவர்கள் அதன் மேலும் உட்கார்ந்தார்கள்.

பாலசுந்தரம் சில நாள் தினமும் சாயங்காலம் வந்து கல் பெஞ்சில் உட்கார்ந்து, யார் எங்கே உட்காருகிறார்கள், யார் எந்தப் பக்கமாக நுழைகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பெங்களூர் அவர் மனசில் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது. புல்லின் மேல் நடக்கக் கூடாது என்று எழுதவைத்திருந்த பலகையை அவரே கழற்றினார். அது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்ட சௌந்திரம், "அருகுக்குக் காவல் போட்டாங்களாமா!" என்று மாரக்காளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாளாம்.

அறைச் சாவியைக் கொடுப்பதற்காகச் சௌந்திரத்தை வரவழைத்தார் ஓவர்சியர். "வேலை உன் புருஷனுக்கு நிரந்தரம். ஆனா அம்மா, புல்லைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா?"

"அது கஷ்டந்தானுங்க சாமி" என்றாள் அவள். சாவியை வாங்கினாலும் முகம் தெளியவில்லை. ஊரெல்லாம் சிரிக்கும். அருகு நட்டுப் பிழைக்கிறவன் பெண்டாட்டி என்று பேர் வரும். எப்படி இங்கே காலம் தள்ளுவது?

சென்னிமலை அவளை அறைக்குப் பின்னால் கூட்டிப்போய் ஓலைத் தட்டியை நகர்த்தினார்.

ஒரு பாய் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான இடம். அவரைக்கொடி பூத்து நின்றது. தட்டப்பயறு காய்த்திருந்தது. ஓரத்தில் ஒரு வரிசை சோளம்.

"இது எப்பங்க வெதச்சீங்க?"

"வந்த மாசமே. நீ வந்தா உனக்கு வேணும்னு."

சௌந்திரம் குனிந்தாள். வரிசை வரிசையாக, செடியை விலக்கி விலக்கி, தன் அப்பா அன்றைக்குத் தேடியதைப் போலவே தேடினாள். சுற்றிலும் அருகு படர்ந்த அந்தப் பூங்காவில், அந்தத் துண்டில் மட்டும் ஒரு கணு அகப்படவில்லை. நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் வண்டியோடு நின்ற அப்புசாமிக்குக் கேட்கும்படி, "அண்ணா, ஊட்டுல இருக்கற பானை சட்டியெல்லாம் நாளைக்கே ஏத்திட்டு வந்துருங்க" என்றாள்.