ரோலண்ட் வாங்கி வைத்த நான்கு பிளக்குகள்

ஏவ்ரில் ட்ரான்டர் லட்லோ என்ற ஊரில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையின் கவுண்டரில் இருபத்திரண்டு வருடம் நின்றவள். கடைக்கு வரும் ஆண்கள் அவளைப் பார்த்ததும், "உள்ள ஆம்பளைங்க யாராவது இருக்காங்களா?" என்பார்கள். "இருக்காங்க. அவங்களும் என்கிட்டதான் வந்து கேப்பாங்க" என்பாள். எந்த இன்ஜினுக்கு எந்த ஸ்பார்க் பிளக் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

வீட்டில் மட்டும் அந்தப் பருப்பு வேகவில்லை. கணவன் ரோலண்ட் பள்ளிக்கூட பஸ் ஓட்டுநர். ஆறு வருடம் ஷெட்டுக்குள்ளேயே கிடந்து ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டி முடித்தான். ஃபைபர் உடம்பு, இரண்டே இருக்கை, கூரை கிடையாது. எடை ஒரு கொழுத்த பசு மாட்டைத் தாண்டாது. மலைப்பாதையில் அடிவாரத்திலிருந்து உச்சிக்குக் கார் கிளப் நடத்தும் பந்தயத்தில் அதை ஓட்ட வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. பந்தயத்துக்கென்று அவன் வாங்கி வந்த நான்கு பிளக்குகளைப் பார்த்ததும், காலைச் சாப்பாட்டு மேஜையிலேயே சண்டை பிடித்துக்கொண்டது.

"இது சூட்டை உடனே வெளியே தள்ளிவிடற பிளக். நீ ஓட்டப் போறதோ நாப்பது செகண்டு. வண்டியோ தக்கை. சூடு ஏறறதுக்குள்ள மேல போய்ச் சேர்ந்துடுவே. கரி பிடிச்சு அடைச்சுக்கும். சூட்டைப் பிடிச்சு வெச்சுக்கிறதா வாங்கு."

"தக்கைங்கிறதாலதான்டி கீழேர்ந்து மேல வரைக்கும் காலை எடுக்காம மிதிக்கலாம்ங்கிறேன். உன் பிளக்கைப் போட்டு அப்படி மிதிச்சா பிஸ்டன்ல ஓட்டை விழுந்துடும்."

"இருபத்திரண்டு வருஷம் கடையில நின்னது யாரு?"

"நின்னது நீ. மிதிக்கப் போறது நான். ஞாயித்துக்கிழமை மேல வெச்சுக் கழட்டிப் பார்த்துடலாம்."

கழற்றிய பிளக் கறுப்பாக இருந்தால் அவள் சொன்னது சரி, பிஸ்கட் நிறம் என்றால் அவன் சொன்னது. வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலை சாய்த்த ரோலண்ட் எழுந்திருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் அவன் இல்லாமலே நடந்து முடிந்தது.

காரை விற்றுவிடு என்று சொல்லாதவர்கள் இல்லை. ஏவ்ரில் காது கொடுக்கவில்லை. முப்பத்தொரு வருடம் வாயாடிய மனுஷன் பாதிச் சண்டையில் எழுந்து போனால் யாருக்குத்தான் பொறுக்கும்? மீதியை அவள் கேட்டாக வேண்டும். உண்மையைச் சொன்னால், இந்தச் சண்டையில் தோற்றுப்போக வேண்டும் என்று ஏங்கினாள். அவன் சொன்னது சரியென்று ஆகிவிட்டால், அவன் இன்னும் ஒரு வார்த்தை பேசியது போல் இருக்கும்.

அடுத்த வருடம், ஐம்பத்தொன்பதாவது வயதில், கிளப்பில் பெயர் கொடுத்தாள். ரோலண்டைப் போலவே பேசிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்த அவன் கூட்டாளி கிளின் பியூவுக்கு உச்சியில் கொடி பிடிக்கிற வேலை. "பத்திரமா மேல வந்து சேர்ந்தாப் போதும் ஏவ்ரில். வீரமெல்லாம் காட்டாத" என்றான்.

ரோலண்டின் பிளக்குகள் ஓட்டத்துக்கு முன்பே கறுத்துவிடக் கூடாது என்று, தான் சொன்ன வகைப் பிளக்குகளை முதலில் போட்டு இன்ஜினைச் சூடாக்கினாள். பிறகு அவற்றைக் கழற்றிவிட்டு அவனுடையதை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பாதையோரப் பெரிய மரத்து வளைவில் பயத்தில் கால் தானாக மேலே வந்தது. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் இன்ஜினை அணைத்து, வண்டியை ஓரமாக உருளவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். நான்கும் அடுப்புக் கரி.

கிளின் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "அடேயப்பா! நீ சொன்னதுதான் சரி. ரோலண்ட் இருந்தா இன்னிக்கு வாயே திறந்திருக்க மாட்டான்."

ஜெயித்ததற்காக அவள் அழுதது அதுதான் முதல் தடவை. "இல்ல கிளின். மரத்துக்கிட்ட நான் காலை எடுத்துட்டேன். அவன் எடுத்திருக்க மாட்டான். இது பிளக் மேல தப்பில்ல, என் கால் மேல தப்பு."

மத்தியானம் இன்னொரு ஓட்டம் இருந்தது. பேக்கன் வைத்த ரொட்டியில் பாதியைத் தின்றுவிட்டு, தேநீரைக் குடிக்காமலே ஆறவிட்டு, கம்பி பிரஷ்ஷால் கரியைத் தேய்த்து எடுத்தாள். காலையில் போட்ட தூறல் நின்று பாதை காய்ந்திருந்தது.

இந்த முறை வளைவு வந்தபோது பயம் குறைந்துவிடவில்லை. வண்டியின் பின்பக்கம் வழுக்கியது, யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டினாள், ஆனால் காலை மட்டும் எடுக்கவில்லை. கோட்டிலேயே இன்ஜினை அணைத்தாள். அவசரத்தில் ஸ்பானர் இரண்டு முறை நழுவியது.

முதல் பிளக் பிஸ்கட் நிறம். இரண்டாவதும் அப்படியே. நான்குமே கடையில் படமாக மாட்டி வைக்கலாம் போலச் சுத்தமாக எரிந்திருந்தன.

"தோத்துட்டேன்" என்றாள் ஏவ்ரில். முகமெல்லாம் சிரிப்பு. அவன் இருந்திருந்தால் ரொட்டிக் கடையிலும் தபாலாபீசிலும் சர்ச் வாசலிலும் ஒரு வருடத்துக்கு இதையே சொல்லிச் சொல்லி அவள் மானத்தை வாங்கியிருப்பான். அந்த ஒரு வருடமும் அவளுக்கு வேண்டியிருந்தது.

"ரொம்ப நல்லா ஓட்டினே ஏவ்ரில்" என்று கிளின் அவள் தோளைத் தட்டினான்.

"அதை யாரு கேட்டா?" சிரிப்பு போய்விட்டது. "'எங்கிட்டயே மோதறியாடி, கடைக்காரி'ன்னு சொல்லு. அவன் சொல்றாப்பல சொல்லு. உனக்குத்தான் அவன் குரல் நல்லா வருமே, கிளின்."

கிளின் வாயைத் திறந்தான். "எங்கிட்டயே..." என்றபோது வந்தது அவனுடைய சொந்தக் குரல்தான்.