நகம் வெட்டாத வியாழக்கிழமை

அந்தத் திங்கட்கிழமை என் வீட்டில் இருந்தது நாலு பேர். நான், இறால் உரிக்கப் போகிறவளின் ரெண்டு வயதுப் பையன், துணிக் கம்பெனிக்குப் போகிறவளின் நாலு வயதுப் பெண், ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிறவளின் எட்டு மாதக் கைக்குழந்தை. வேறு யாருமில்லை. பிற்பாடு எத்தனையோ பேர் துருவித் துருவிக் கேட்டார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தண்டையார்பேட்டையில் ஒற்றை அறை வீடு. எட்டாவதோடு நின்றவள் நான்; பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதுதான் பிழைப்பு. ஒரு நர்ஸம்மா வந்து சொல்லிக்கொடுத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உள்ளே வரும்போதே சோப்புப் போட்டுக் கை கால் கழுவணும். கொதித்து ஆறின தண்ணீர்தான். ஆளுக்கொரு துண்டு, மாறிப்போகாமல் மூலையில் கலர் நூல் முடிச்சு. வியாழக்கிழமை நகம் வெட்டுவேன், வெள்ளிக்கிழமை எங்கள் பக்கம் யாரும் வெட்ட மாட்டார்கள். அந்த வியாழன் இடுப்பு விட்டுப்போய்க் கிடந்தேன். ஒரு வாரம்தானே என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை பையனைக் கழுவிவிடச் சட்டையைத் தூக்கினேன். வயிறெல்லாம் சிவப்புச் சிவப்பாக. ரெண்டு மூன்றில் நீர் கோத்திருந்தது. அம்மைதான் என்று நினைத்தேன். பக்கத்துப் பாயில் கைக்குழந்தை. அதற்கு ஒட்டிக்கொண்டால் யாருக்கு என்ன பதில் சொல்வேன்?

பையனின் அம்மாவுக்குப் போன் போட்டேன். இறால் ஷெட்டில் வேலை முடிகிறவரை போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். புடவையைக் குறுக்கே கட்டி அவனைத் தனியாகப் படுக்கவைத்தேன். பாயைக் கழுவினேன். தரையைப் பினாயில் போட்டு ரெண்டு தரம் துடைத்தேன். அப்படியும் மனசு ஆறவில்லை. தெருமுனை மரத்தில் வேப்பிலை ஒடித்து வந்து வாசல் நிலையில் சொருகினேன். அம்மை கண்ட வீடு, யாரும் உள்ளே வராதீர்கள் என்று எங்கள் தெருவில் அதற்கு அர்த்தம்.

சாயங்காலம் துணிக் கம்பெனிக்காரி படியிலேயே நின்றுவிட்டாள். "பொண்ண இப்டிக்கா அனுப்புக்கா. நான் உள்ள வரல." கைக்குழந்தையின் அம்மா துண்டைக்கூட வாங்கவில்லை. "நீயே வெச்சிக்க."

கடைசியாக இறால்காரி வந்தாள். ஐஸில் ஊறி வெளுத்த கை. வேப்பிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, என்னிய ஒரு வார்த்த கேக்காம சொருவிட்டியா?"

"போன் போட்டேன்மா, நீ எடுக்கல."

"எடுக்கலன்னா? இந்தத் தெருவுலேர்ந்து ஆறு பேர் ஷெட்டுக்கு வந்துகினு கீறாங்க. நாளிக்கு மேஸ்திரி என்னிய உள்ள வுடுவாரா?"

விடவில்லை.

மறுநாள் ரெண்டு பேருமாகப் பையனை டாக்டரிடம் தூக்கிப் போனோம். "அம்மை இல்லம்மா. கொசு கடிச்சதச் சொறிஞ்சு புண்ணாக்கி வெச்சிருக்கான்" என்றார். அப்புறம் அவன் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவு நகம் இருந்தா புண்ணாகாம என்ன பண்ணும்?"

அவள் என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வேப்பிலையை எடுக்கப் போனேன். எதிர்வீட்டுக்காரி குரல் கொடுத்தாள். "மூணு தண்ணி ஊத்தாம எடுக்காத. டாக்டருக்கு இன்னா தெரியும்? நாளிக்கு எதுனா ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்." மூன்று தண்ணீர் என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுவது. டாக்டர் சொன்னது காதில் இருந்தது, ஆனாலும் கை வரவில்லை. புதன், வெள்ளி, ஞாயிறு என்று மூன்று தண்ணீர் ஊற்றின பிறகுதான் எடுத்தேன். செவ்வாயிலிருந்து சனி வரை ஷெட்டில் அவளைச் சேர்க்கவில்லை; ஞாயிறு ஷெட்டுக்கு லீவு.

அடுத்த திங்கள் பையனைக் கொண்டுவந்து விட்டாள். அவன் மட்டும்தான் வந்தான்.

"வேற யாராண்ட வுடுறது?" என்றாள். "உன் வேப்பிலைக்கு என் அஞ்சு நாள் கூலி பூட்ச்சு. அத யாரு குடுப்பா?"

நான் தருகிறேன் என்றேன். அந்த வாரம் வியாழன் காலையில் காபி குடிக்கும் முன்பே அவன் நகத்தை வெட்டினேன்.

நாளுக்கு முந்நூற்றைம்பது, ஐந்து நாள். முந்நூறு முந்நூறாக ரெண்டு தடவை கொடுத்துவிட்டேன். இன்னும் தர வேண்டியது ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய்.